நஸாரின் பேரில் வரும் சலாம்

மகன் றிஸ்வானுக்கு உன் உம்மாவின் சலாம். இது என் பேரில், என் கையால் எழுதப்படுகிற சலாம். எழுதுகிறவள் உயிரோடு இருக்கிறாள். இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உனக்கு விளங்கும். நீ அந்தப் பாலைவனத்தில் இருந்துகொண்டு, மௌத்தாகி மண்ணுக்குள் போய்விட்ட ஒருவனின் போனிலிருந்து அவன் பெண்டாட்டிக்குச் சலாம் எழுதிக்கொண்டிருக்கிறாய். அதை நிறுத்து என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

வொயிஸ் அனுப்பியிருக்கலாமே என்று கேட்பாய். பேசினால் எனக்கு ஏச்சுத்தான் வரும். ஏசத் தொடங்கினால் நீ ‘சிக்னல் இல்ல உம்மா’ என்று பாதியில் வெட்டிவிடுவாய். மூன்று நாளாக அதைத்தானே செய்கிறாய். கடதாசியை அப்படி வெட்ட முடியாது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான், அதுவும் என் விருப்பத்தில் விட்டதில்லை. விடவைத்தவர்களின் பேர் இன்றைக்கும் எனக்குத் தெரியும். அந்த ஐந்து வகுப்பை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து அனுப்புவேன். உன் பெண்டாட்டிக்கும் சொல்லவில்லை, உனக்கு மூத்த ராத்தாவுக்கும் சொல்லவில்லை. கூடாரத்தில் எல்லாருக்கும் முன்னால் படிக்காதே. தனியே போய் இருந்து படி.

நஸார்மேல் எனக்குக் கோபம் உண்டு. அவன் மௌத்தான பிறகும் உண்டு, மறைக்கவில்லை. மருதமுனையில் பிறந்து, நம் கல்முனைக்குடியில் கலியாணம் முடித்து, வழக்கப்படி பெண்ணின் வீட்டுக்குக் குடிவந்தவன். உன் ராத்தாவின் கலியாணத்தில் ஒரே சஹன் தட்டைச் சுற்றிச் சாப்பிட இருந்த நாலு பேரில் முதல் ஆளாகக் கை வைத்துவிட்டு, ‘மாமி, சோத்துல உப்புப் பத்தல்ல’ என்று பந்திக்கே கேட்கச் சொன்னவன். உப்பு சரியாகத்தான் இருந்தது. அதைக்கூட நான் விட்டிருப்பேன். கட்டாரில் ஒழுங்காக வாகனம் ஓட்டிக்கொண்டிருந்த உன்னை, ஆபிரிக்காவில் மண்ணைக் கிண்டினால் தங்கம் வருகிறது என்று சொல்லி, பேர்கூட என் வாயில் நுழையாத ஒரு நாட்டுக்கு இழுத்துக்கொண்டு போனானே, அதைத்தான் விடவில்லை. அவன் போன முறை விடுமுறையில் வந்து வாசலில் நின்று, ‘மாமி, உங்கட மகன நான் பத்திரமாப் பாத்துக்குவன்’ என்றான். ‘முதல்ல உன்னப் பாத்துக்க’ என்றேன். சிரித்தான். எனக்கு அந்தச் சிரிப்புப் பிடிக்கவில்லை. இப்போது அந்தச் சிரிப்புத்தான் திரும்பத் திரும்பக் கண்ணுக்குள் வருகிறது.

போன புதிதில் நீ அனுப்பிய வொயிஸ்களை நான் எத்தனை தரம் கேட்டிருப்பேன். பிளாஸ்டிக் சீட்டில் கட்டிய கூடாரம். சோற்றுக்குள்ளும் காதுக்குள்ளும் மணல். கிணற்றைவிட ஆழமான கிடங்கு, கயிற்றைப் பிடித்து இறங்கி, மண்ணை வாளியில் ஏற்றி, அரைத்து, பாதரசம் போட்டுப் பிசைந்து, கடைசியில் ஒரு மிளகு அளவுக்குத் தங்கம். அங்கே ஒரு மேட்டில் மட்டும்தான் போன் வேலை செய்யும், பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு எல்லாரும் அதில் ஏறி வரிசையாக நின்று வீட்டோடு கதைப்பார்கள் என்று சொன்னாய். ஒருவன் இறைச்சி சாப்பிட்டேன் என்கிறான், சாப்பிட்டது காய்ந்த ரொட்டி. இன்னொருவன் முதலாளியின் வாகனத்தில் சாய்ந்து நின்று படம் எடுத்து, என் வாகனம் என்று பெண்டாட்டிக்கு அனுப்புகிறான். ‘அந்த மேட்டுல உண்மை கதைக்கிற ஒருத்தனும் இல்ல உம்மா’ என்று சொல்லி நீயும் நஸாரும் சேர்ந்து சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். பசியை மறைக்கிற பொய்யை எந்தத் தாயும் கண்டுபிடித்துவிடுவாள், கண்டுபிடித்தும் பேசாமல் இருப்பாள். அது பரவாயில்லை. ஆனால் அந்த மேட்டில் நின்று பழகிய வாய்தான் உன்னை இதுவரைக்கும் கொண்டுவந்து விட்டிருக்கிறது.

போன மாதம் நீ கோல் எடுத்து, ஒரு கத்தம் ஓதவேண்டும் என்றாய். மௌத்தானவருக்குக் குர்ஆன் ஓதி, நாற்பதாம் நாள் சோறு கொடுப்பதற்கு நீ என்றைக்கு மகன் அக்கறைப்பட்டாய்? உன் உம்மும்மாவின் கத்தத்துக்கே இறைச்சி வாங்கப் போய் கடற்கரையில் பந்தடித்தவன் நீ. யாருக்கு என்று கேட்டேன். ‘இங்க ஒரு ஆள் மௌத்தாகிட்டாரு, சொந்தக்காரங்க ஒருத்தரும் இல்ல’ என்றாய். ஓத வந்த லெப்பை பாயில் இருந்து, ‘ராத்தா, யார்ட பேருக்கு ஓதுற?’ என்று கேட்டார். பேர் தெரியாது என்றேன். ‘பேர் தெரியாத ஆளுக்கு நாப்பதாம் நாள் மட்டும் எப்படித் தெரியும்?’ என்றார். அந்த லெப்பையோடு எனக்கு வேறு ஒரு கணக்கு உண்டு. ஆனால் அவர் கேட்டது சரியான கேள்வி. கடைசியாக நீ ஒன்று சொன்னாய்: ‘நஸார்ட ஊட்டுக்கும் ஒரு பங்கு குடுங்க உம்மா. மறந்திராதீங்க.’ இரண்டு தரம் சொன்னாய்.

நான் மறக்கவில்லை. கோப்பையில் சோறு போட்டு, இறைச்சி வைத்து, மேலே தட்டு மூடி, நானே தூக்கிக்கொண்டு போனேன். அவன் பெண்டாட்டி நிஸா வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். கால் வீங்கியிருந்தது. ‘என்னத்துக்கு மாமி நீங்க சுமந்து வாறீங்க?’ என்று வாங்கினாள். அவள் உம்மா உள்ளே இருந்து, ‘யார்ட கத்தம் கா?’ என்று கேட்டார். ஆபிரிக்காவில் யாரோ என்றேன். ‘அல்லாஹ் அந்த மனிசனுக்குச் சுவர்க்கத்தக் குடுக்கட்டும்’ என்று சொல்லிக்கொண்டே நிஸா கையைக் கழுவி, எனக்கு முன்னாலேயே இருந்து சாப்பிட்டாள். பிள்ளைத்தாச்சிப் பசி. இறைச்சித் துண்டை ஊதி ஊதித் தின்றாள். தின்றுகொண்டே கதைத்தாள்.

‘மாமி, இவருக்குத் தொண்டை கட்டிட்டாம். தூசியாம். கதைக்க ஏலாதாம், அதால எழுதித்தான் அனுப்புறாரு. நான் வேல வெட்டி இல்லாத ஆள் மாதிரி முழுநாளும் போனப் பாத்துக்கொண்டு இரிக்கன்.’

‘எவ்வளவு நாளாக் கதைக்கல்ல?’ என்று கேட்டேன்.

‘ஒரு மாசத்துக்கு மேல இரிக்கும். ஆனா மாமி, எழுதத் தொடங்கின நாளையில இருந்து ஆள் நல்லாத் திருந்திட்டாரு. முந்தி எடுத்தா உடன சண்டைதான். இப்ப நேரத்துக்குத் தின்னு, படு, மருந்தக் குடி எண்டு அவ்வளவு அன்பா எழுதுறாரு.’

அப்போது அவள் போன் அடித்தது. பார்த்துச் சிரித்தாள். ‘இந்தா பாருங்களன். “சோறு வந்ததா, வயிறு நிறையச் சாப்பிடு” எண்டு எழுதிரிக்காரு. உங்கட மகன் சொல்லிரிப்பாரு போல.’

நான் விரலை மடித்துக் கணக்குப் பார்த்தேன். நாற்பதாம் நாள். பேர் சொல்லாத கத்தம். கதைக்காத நஸார். திருந்திவிட்ட நஸார்! அந்த உப்புப் பத்தல்ல என்ற நஸார் உலகம் தலைகீழாகப் புரண்டாலும் அப்படி எழுதமாட்டான். வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியாது. அன்றைக்கு அங்கே அஸர் ஆன பிறகு உனக்குக் கோல் எடுத்து, ‘நஸாரக் கூப்பிடு, ஒரு சலாம் மட்டும் சொல்லட்டும், தொண்ட கட்டினா பரவாயில்ல, இருமட்டும்’ என்றேன். காற்றுத்தான் கேட்டது. பிறகு நீ அழுதாய். நீ அழுது நான் கேட்டு எத்தனையோ வருஷமாகிவிட்டது.

கிடங்கு சரிந்தது, அவன் அடியில் நின்றான், நீ மேலே கயிற்றில் நின்றாய், இரண்டு நாள் தோண்டியும் எட்டவில்லை, முதலாளி மண்ணைத் தள்ளி மூடச் சொல்லிவிட்டான், மேலே நின்று ஜனாஸாத் தொழுதீர்கள். இவ்வளவும் சொன்னாய். கூடாரத்தில் கிடந்த அவன் போனை நீ மேட்டுக்கு எடுத்துப்போய்ப் பார்த்திருக்கிறாய். அன்றைக்கே நிஸா ‘எங்க ஆளக் காணல்ல?’ என்று எழுதியிருந்தாள். நீ அதற்குப் பதில் எழுதிவிட்டாய். ஒரு வரி. ‘வேலை’ என்று. ‘அவ்வளவுதான் உம்மா எழுத நினைச்ச. புள்ளத்தாச்சிக்கு எப்படிச் சொல்ற? புள்ள கிடைக்கட்டும், மறுகா சொல்லுவம்’ என்றாய்.

மகன், அந்தக் கதையை நான் முன்னமே ஒருதரம் கேட்டிருக்கிறேன். எழுத்துக்கு எழுத்து அதே கதை. நீ என் வயிற்றில் எட்டு மாதமாக இருந்தபோது உன் வாப்பா நெல் ஏற்றின லொறியோடு மட்டக்களப்புப் பக்கம் போனார். பிரச்சினைக் காலம். றோட்டில் மறித்து இறக்கினார்கள், ஆட்களைக் கொண்டுபோனார்கள் என்று கேள்விப்பட்டோம். வாப்பாவின் தம்பி, உன் சாச்சா, தேடிப் போனார், இரண்டாம் நாள் திரும்பி வந்தார். வந்து கிணற்றடியில் நின்று தலைக்குத் தண்ணீர் ஊற்றினார். ஊற்றிக்கொண்டே இருந்தார். ‘என்ன மச்சான், கண்டீங்களா?’ என்று கேட்டேன். ‘கண்ட ஆக்கள் இரிக்காங்க மச்சி. உயிரோட இரிக்காராம். புடிச்சி வெச்சிரிக்காங்களாம், உட்டுருவாங்களாம். நீங்க தின்னுட்டுப் படுங்க’ என்றார். நான் தின்றுவிட்டுப் படுத்தேன். உன் வாப்பாவை ஒரு வயல் ஓரத்தில் அடக்கம் செய்துவிட்டு வந்த கையைத்தான் அவர் கழுவிக்கொண்டு நின்றிருக்கிறார்.

நீ பிறந்தாய். பிறந்த பிள்ளையின் காதில் முதல் சத்தமாகப் பாங்கு சொல்ல வேண்டுமே. வாப்பா வந்து சொல்லட்டும் என்று நான் ஒருவரையும் விடவில்லை. மருத்துவச்சி ஏசினாள், என் உம்மா அழுதார். நான் உன்னை மடியில் வைத்துக்கொண்டு, லொறிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் தலையை நிமிர்த்துவேன். கடைசியில் சாச்சா வந்து உன்னை வாங்கி, கிப்லாவைப் பார்த்து நின்று, உன் வலது காதில் பாங்கு சொன்னார். இரண்டு இடத்தில் நிறுத்தி, திரும்ப எடுத்தார். அண்ணன் மகன் என்ற பாசம் என்று நினைத்தேன். உனக்கு ஏழு வயதாகும் மட்டும் நான் பெருநாளுக்குப் பெருநாள் உன் வாப்பாவுக்கு ஒரு சாரம் வாங்கி மடித்து வைத்தேன். ஒரு நாள் வேலிச் சண்டையில் உன் சாச்சி வாய் தவறிச் சொன்னாள்: ‘மௌத்தான மனிசனுக்கு உடுப்பு வாங்குற பைத்தியத்தோட எனக்கென்ன கத?’ அப்படித்தான் மகன் எனக்குத் தெரிந்தது. வேலிக்கு மேலால், கோழி மேய்ந்த தகராறில்.

அன்றைக்கே பள்ளிவாசல் மௌலவியிடம் போனேன். புருஷனை இழந்தவள் வெளியே வராமல் இருந்து துக்கம் காக்கிற இத்தாவை நான் இருக்க வேண்டும், எப்படி இருப்பது என்று கேட்டேன். அவர் கிதாபைப் புரட்டிவிட்டு, ‘உங்கட புருசன் மௌத்தாகக்குள்ள நீங்க புள்ளத்தாச்சி. புள்ள கிடைச்சதோட உங்கட இத்தா முடிஞ்சி போச்சி. இப்ப இருக்கிறதுக்கு ஒண்டும் இல்ல’ என்றார். சட்டம் சரிதான். அவர் ஒரு பொய்யும் சொல்லவில்லை. ஆனாலும் அவரையும் நான் மன்னிக்கவில்லை. நான் விதவை ஆனேன், இத்தா இருந்தேன், இத்தா முடித்தேன், மூன்றும் எனக்குத் தெரியாமலே நடந்து முடிந்திருக்கிறது. நான் சிரித்துக்கொண்டு, பூப்போட்ட சாரி உடுத்துக்கொண்டு, உன் வாப்பாவுக்கு விருப்பமான மீனைப் பொரித்து மூடி வைத்துக்கொண்டு இருந்த நாட்களில். வீட்டுக்கு வந்து வெள்ளையை உடுத்து அறைக்குள் இருந்தேன். ‘சட்டத்துல இல்லாத இத்தா’ என்று ஊர் சிரித்தது. சிரித்தவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். நான் சட்டத்துக்காக இருக்கவில்லை. அந்த மனிசனுக்காக அழுவதற்கு எனக்கு ஓர் அறையும் ஒரு கதவும் வேண்டியிருந்தது.

சாச்சாவிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன், ஏன் சொல்லவில்லை என்று. ‘புள்ளத்தாச்சி எண்டு சொல்லல்ல மச்சி. மறுகா பச்ச உடம்பு. மறுகா புள்ளைக்கு வருத்தம். மறுகா எப்படிச் சொல்ற எண்டு தெரியல்ல’ என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் விட்டவர். ஆனால் அவர் மௌத்தான அன்றைக்கு நான் போய் மையித்தைப் பார்த்துவிட்டு, ‘மன்னிச்சிட்டேன்’ என்று சொல்லாமலே திரும்பி வந்தேன். சொல்லச் சொல்லி ஊரே என் முகத்தைப் பார்த்தது. வாயில் வரவில்லை, மகன்.

இப்போது நிஸாவுக்கு மாதம் நிறைந்துவிட்டது. நேற்றுப் போனேன். குழந்தைக்கு உடுப்புத் துவைத்துக் காயப்போட்டிருந்தாள். ‘மாமி, பேர் அவருதான் வெக்கணும் எண்டு எழுதிட்டன். யோசிச்சிச் சொல்றன் எண்டு எழுதிரிக்காரு’ என்றாள். என்ன யோசிக்கிறாய் மகன்? எந்தப் பேரை எழுதப் போகிறாய்? அவள் அந்தப் பேரைச் சொல்லி ஆயுள் முழுக்கப் பிள்ளையைக் கூப்பிடுவாள், இது வாப்பா வைத்த பேர் என்று பிள்ளைக்கும் சொல்லுவாள். அதை நீ எழுதிவிட்டால் பிறகு உண்மையைச் சொல்ல உனக்கு வாய் இருக்குமா? பிள்ளை பிறந்த நிமிஷத்தோடு அவள் இத்தாவும் முடிந்துவிடும். நீ மறுகா மறுகா என்று தள்ளுகிற ஒவ்வொரு நாளும் அவளுக்கு உரிய நாள். நீ அவளுக்கு மறைப்பது துக்கத்தை என்று நினைக்கிறாய். அவள் புருஷனுக்காக அவள் துஆக் கேட்க வேண்டிய நேரத்தைத்தான் மறைக்கிறாய். அந்தக் கத்தத்துச் சோற்றை யாருடைய பேரில் தின்றேன் என்று ஒருநாள் அவள் அறிவாள். கொண்டுபோய்க் கொடுத்த என் கையையும் அவள் நினைப்பாள்.

உன் நெஞ்சு எனக்குத் தெரியாமல் இல்லை. நீ அவளுக்காக மட்டும் எழுதவில்லை. அவன் பேரில் நீ எழுதும்போது உனக்கும் அவன் இருக்கிறான். ‘சாப்பிட்டியா’ என்று அவள் கேட்டு, ‘ஓம்’ என்று நீ அடிக்கிற அந்த நேரத்துக்கு அவன் சாப்பிட்டுவிட்டான், கூடாரத்தில் இருக்கிறான். சரிந்த மண்ணை நீ கண்ணால் கண்டவன். அந்தப் பாரத்தைத் தனியே சுமக்க முடியாமல்தான் போனைப் பிடித்துக்கொண்டிருக்கிறாய். எனக்கு விளங்குகிறது. ஆனாலும் அது அவள் புருஷன், அவள் துக்கம். உன்னிடம் தங்கிவிட்ட அமானிதம் அது. திருப்பிக் கொடுக்கத்தான் வேண்டும். அவன் பேரில் இவ்வளவு நாளும் அவளுக்கு நீ அனுப்பிவருகிற சாமான், உதவி ஒன்றையும் நிறுத்தாதே. இனி உன் பேரில் அனுப்பு.

நான் போய்ச் சொல்லலாம். என் வாய் எதற்கும் அஞ்சாது என்று உனக்குத் தெரியும். ஆனால் நான் சொன்னால் அது கேள்விப்பட்ட கதை. கயிற்றில் நின்றவன் நீ. வருகிற வெள்ளிக்கிழமை அங்கே அஸர் தொழுதுவிட்டு அந்த மேட்டில் ஏறு. நான் நிஸாவின் வீட்டில் அவளுக்குப் பக்கத்தில் இருப்பேன். அவள் உம்மாவை அன்று காலையில் தனியே கூப்பிட்டு நானே சொல்லிவைப்பேன். மருத்துவச்சியம்மாவை அன்றைக்கு வந்து அவளைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன், ஓட்டோவும் வாசலில் நிற்கும். வலி வந்தால் ஆஸ்பத்திரி தூரமில்லை. பயத்தில் பிள்ளைக்கு ஏதும் ஆகிவிடும் என்று நீ அஞ்சாதே. அல்லாஹ் இருக்கிறான், நாங்களும் இருக்கிறோம். நஸாரின் போனில் கோல் எடுக்காதே. அந்தப் பேர் திரையில் விழுந்தால் அவள் சிரித்துக்கொண்டு எடுப்பாள். உன் போனில் எடு. அன்றைக்குப் பிறகு அவன் போனை நிறுத்திச் சீலையில் சுற்றி வை, ஊருக்கு வரும்போது அவள் கையில் கொடு.

அங்கே பொழுது பட்டு மஃரிபு ஆகும் மட்டும் பார்ப்பேன். நீ எடுக்காவிட்டால் நான் சொல்லிவிடுவேன், இவ்வளவு நாளும் எழுதினது யார் என்பதையும் சேர்த்து. அதற்குப் பிறகு நான் மன்னிக்காத உன் சாச்சாவுக்குப் பக்கத்தில் உன்னையும் வைக்க வேண்டிவரும். என்னால் முடியும் என்று உனக்குத் தெரியும். ஆனால் நீ நான் பெற்ற பிள்ளை. எனக்கு அது வேண்டாம் மகன்.

எடுத்ததும் சுகம் விசாரிக்காதே. சுற்றி வளைக்காதே. ‘நஸார் மௌத்தாகிட்டாரு’ என்று சொல், பிறகு பேசாமல் நில். அவள் கத்துவாள், உன்னை ஏசுவாள், பொய் என்பாள். ஏசட்டும். எந்த இடம், எந்த நேரம், கடைசியாக என்ன கதைத்தார் என்று கேட்பாள். கண்டதை மட்டும் சொல். தெரியாததைத் தெரியாது என்று சொல், அவளை ஆறுதல்படுத்த ஒரு சொல்லும் புதிதாகக் கட்டாதே. இவ்வளவு நாளும் எழுதியது நான்தான் என்றும் சொல். போனுக்கு நிறையச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வா. பொழுது பட்டாலும், மற்றவர்கள் எல்லாரும் மேட்டிலிருந்து இறங்கிப் போனாலும், காதோடு பிடித்துக்கொண்டு நில். போனை நீ வைக்காதே. அவள் வைக்கட்டும்.